பெயர் வைக்காத கல்

மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை யாராவது நீட்டினால் இப்போதும் நான் உடனே கையை நீட்டுவதில்லை. கடைக்காரர் கடுகு மடித்துக் கொடுத்தாலும் சரி, கோயில் பிரசாதம் என்று தெரிந்தவர்கள் கொடுத்தாலும் சரி, "இது என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். காரணம் தெரியாதவர்கள் என்னைக் கர்வி என்று நினைக்கிறார்கள். தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கத்தான் செய்கிறேன், ஆனால் கேட்ட பிறகு.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம் அது. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். நான் மலாக்கா நகரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. பையன்கள் இருவரும் வளர்ந்து வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். வெகு காலம் கழித்து, இனி இல்லை என்று நாங்கள் முடிவு செய்த பிறகு பிறந்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் தும்மினால் நான் தெர்மாமீட்டரைத் தேடுவேன். இருமினால் அலுவலகத்துக்குப் போகாமல் வாசலிலேயே நிற்பேன். அவளைவிட நான்தான் அடிக்கடி டாக்டரிடம் போகிறேன் என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவியின் தம்பி வந்து இறங்கினான். ஈப்போவிலிருந்து ரயிலில் தம்பின் வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். மண்ணையும் கல்லையும் ஆராயும் அரசாங்க இலாகா ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. கல்லை இடித்துச் சலித்து, உருப்பெருக்கியின் கீழே பரப்பி, வேண்டிய மணிகளை மட்டும் ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சேர்ப்பது. பெரிய படிப்பு படித்தவர்கள் அந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று முடிவு செய்வார்கள். அவர்கள் முடிவு செய்வதற்கு முன்னால் யாராவது உட்கார்ந்து பொறுக்க வேண்டும், அது அவன். சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஏதோ சாமானைக் கொடுக்கப் போவதாகவும், செவ்வாய்க்கிழமை கொடுத்தால் போதும் என்பதால் அக்காவைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னான். என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அப்போதே கேட்டிருக்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் பயணச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என்னுடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, இங்கே வேலைக்கு வந்திருந்த பள்ளிக்கூட நண்பனோடு சைக்கிளில் கிளேபாங்குக்குக் கடலில் குளிக்கக் கிளம்பிவிட்டான்.

மனைவி அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். துவைப்பதற்கு முன் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். கைக்குட்டைக்குள் சுற்றி, நூல் கட்டிய ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. ஈப்போவிலிருந்து யார் வந்தாலும் என் மாமியார் கோயில் திருநீறு மடித்துக் கொடுத்தனுப்பாமல் இருக்க மாட்டார். பஸ் டிரைவர் தெரிந்தவராக இருந்தால் அவரிடம்கூடக் கொடுத்தனுப்புவார். ஆகவே மனைவி யோசிக்கவே இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றி, சாமித் தட்டில் வைத்துவிட்டு மறுபடியும் துவைக்கப் போய்விட்டாள்.

நான் குளித்துவிட்டுச் சாமி கும்பிட வந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். காகிதத்தின் மேல் பென்சிலால் ஏதோ எண் எழுதியிருந்தது. அர்ச்சனைச் சீட்டின் எண் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வெண்மையில் லேசாக மஞ்சள் ஓடிய பொடி. அளவுக்கு மீறிக் கனம். விரலில் எடுத்தால் நறநறவென்றது. சில மலைக்கோயில்களில் வெள்ளைக் கல்லையே இடித்துத் திருநீறாகக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாமியார் ஏதோ விசேஷமாக வாங்கி அனுப்பியிருக்கிறார் என்று சந்தோஷமாகவே இருந்தது. மரக் கிண்ணத்தில் பாதி இருந்த பழைய திருநீற்றின் மேல் எல்லாவற்றையும் கொட்டி விரலால் கலந்தேன். ஈரம் தொட்டு நெற்றியில் மூன்று பட்டை இட்டுக்கொண்டேன். பிள்ளையார் படத்துக்கும் இட்டேன்.

மகள் கூடத்தில் பாயில் படுத்திருந்தாள். காலையிலிருந்து இலேசான காய்ச்சல். அவள் நெற்றியில் பூசினேன். பிறகு வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"அப்பா, மணலா இருக்கு."

"சாமி குடுத்ததை அப்படிச் சொல்லக்கூடாது. முழுங்கு."

முழுங்கினாள். நல்ல பிள்ளை. தண்ணீர்கூடக் கொடுத்தேன், நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் நாங்கள் கொடுத்த கிண்ணத்தில் பலகாரம் வைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் மலாக்கா செட்டி வகுப்பைச் சேர்ந்தவர். கெபாயாவும் சாரோங்கும் உடை, பேச்சு மலாய். மாரியம்மன் மேல் உள்ள பக்தியில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. திருநீற்றுக் கிண்ணத்தை நீட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெராட்யா, அபு மானா இனி?" என்றார். கனமாக இருக்கிறதே, எந்த ஊர்த் திருநீறு என்று கேட்கிறார். "ஈப்போ" என்று பெருமையாகச் சொன்னேன். நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கழுத்திலும் கொஞ்சம் தடவிக்கொண்டு போனார்.

நாலரை மணிக்கு மைத்துனன் வந்தான். வெயிலில் கறுத்து, தலையில் மணலும் முகத்தில் சிரிப்புமாக வந்தான். ஆணியைப் பார்த்தான்.

"அக்கா, என் சட்டை எங்கே?"

"கொடியில காயுது. நல்லா சோப்புப் போட்டுக் கசக்கிட்டேன். காலர் என்னடா அப்படி அழுக்கு?"

"பையில ஒரு பொட்டலம் இருந்துச்சே."

"இருந்துச்சு. சாமித் தட்டுல வச்சிருக்கேன். அம்மா இந்தத் தடவை நெறையவே குடுத்து விட்டிருக்காங்க."

அவன் மெல்லத் திரும்பி என் நெற்றியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அத்தான், உங்க நெத்தியில இருக்கிறது ஆறு மாசம்."

"என்ன ஆறு மாசம்?"

"ஆறு மாசமா நான் ஊசியால பொறுக்கினது. அது கல்லு. திருநீறு இல்ல."

மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பாப்பாவுக்கும் பூசினேன்" என்றேன். "வாயிலயும் போட்டேன்."

அவன் முகம் மாறிவிட்டது. அதுவரை அந்த முகத்தில் அவனுடைய வேலை இருந்தது. இப்போது அது போய்விட்டது.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு சிட்டிகை."

"முழுங்கிட்டாளா?"

"நான்தான் முழுங்கச் சொன்னேன்." பிறகு கேட்டேன். "அது என்ன கல்லு, தம்பி?"

"அதைத்தான் அத்தான் கண்டுபிடிக்கணும். இன்னும் பேர் வைக்கல."

இதற்கு முன்னால் நான் பயப்படாதவன் இல்லை. ஆனால் அதுவரை பயந்ததற்கெல்லாம் பெயர் இருந்தது. சளி, அம்மை, டைபாய்டு என்று. உலகத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்காத ஒன்றை என் கையால் என் மகளுக்கு ஊட்டியிருந்தேன். அதைப் பற்றி எந்தப் புத்தகத்தில் தேடுவது?

மைத்துனன் தனக்குத் தெரிந்ததை வேகவேகமாகச் சொன்னான். பேராவில் ஓர் ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், கிடைத்த கல். அதில் சுண்ணாம்புச் சத்து, மணல் சத்து, ஈயம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

"ஈயமா? ஈயம் விஷமில்லையா?"

"அது காரீயம் அத்தான். இது வெள்ளீயம். அக்கா ரசம் வைக்கிற சொம்பு இருக்கே, அதே ஈயம்."

"அப்ப பயமில்லையே?"

இந்த மாதிரி லம்பத்தில் பாஷாணம் கலந்த கல்லும் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்றான். "நான் பார்த்துப் பார்த்துத்தான் பொறுக்கினேன். அது இதுல இருக்கக்கூடாது."

இருக்காது என்று அவன் சொல்லவில்லை, இருக்கக்கூடாது என்றான். முப்பது வருடமாக அரசாங்கக் கடிதங்கள் எழுதுகிறவன் நான். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

"ஒருவேளை துப்பியிருப்பாளோ?" என்றாள் மனைவி. அதற்கு விடை சொல்ல அவனிடம் ஒரு வழி இருந்தது. பெட்டியிலிருந்து பேட்டரியில் எரியும் ஒரு சின்ன விளக்கை எடுத்தான். அது புற ஊதா ஒளி விளக்கு. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது படும்போது சில கற்கள் தாமாகவே நிறம் காட்டும். இந்தக் கல் அப்படிப்பட்டது. ஜன்னல் பலகைகளைச் சாத்தி, இடுக்குகளில் கம்பளியைத் தொங்கவிட்டோம். மனைவி மகளின் கண்களைக் கையால் பொத்தினாள். அவன் விளக்கை ஏற்றினான்.

முதலில் தெரிந்தது என் நெற்றி. எனக்குத் தெரியவில்லை, மகள்தான் விரலிடுக்கில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மனைவி கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். இருட்டில் என் முகம் இல்லை. மூன்று பட்டைகள் மட்டும் பச்சையும் மஞ்சளுமாக, தளிர் வாழையிலையின் நிறத்தில், தாமாக நின்றன. மகளின் நெற்றியில் ஒரு கீற்று, அந்தப் பக்கம் பிள்ளையார் படத்தின் கண்ணாடியில் மூன்று பட்டை. தரையில், சாமித் தட்டில், கதவுப் பிடியில் என்று நான் தொட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாக மின்னியது. வேறு ஒரு நாளாக இருந்தால் அதைப் போல் ஓர் அழகை நான் கண்டதில்லை என்று எழுதுவேன்.

கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். மனைவி முன்பே வேலியோரம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அவர் நெற்றியும் கழுத்தும் ஒளிரத் தொடங்கின. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாச்சாம் குனாங்-குனாங்" என்றார். மின்மினி மாதிரி இருக்கிறது என்று. இது கல், கழுவிவிடுங்கள் என்று மைத்துனன் மலாயில் கெஞ்சினான். மாரியம்மனுக்குக் காட்டாமல் கழுவ மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கோயிலுக்கு விளக்கைக் கொண்டுவர முடியாது என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அவர் கழுவிய தண்ணீரை மைத்துனன் ஒரு கிண்ணத்தில் பிடித்து வைத்துக்கொண்டான்.

கடைசியாக மகளின் வாயருகே ஒரு நொடி விளக்கைப் பிடித்தான். கீழுதட்டில் மூன்று புள்ளிகள் மின்னின. நாக்கில் ஒன்றுமில்லை. எல்லாம் உள்ளே போய்விட்டது.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி டிரைஷா என்னும் சைக்கிள் ரிக்ஷாவில் ஏறினேன். நெற்றியைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் என் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தான். காற்றில் கொட்டுகிறதே என்ற கவலை அவனுக்கு.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர்தான் பார்ப்பார்.

"பிள்ளை என்னத்தைத் திண்டது?"

"கல்லு, டாக்டர்."

"என்ன கல்?"

"பேர் வைக்காத கல்லு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பேர் இல்லாத ஒண்டை நான் எந்தப் பக்கத்தில தேடுறது? ஆர் குடுத்தது?"

"நான்தான்."

என் நெற்றியையும் என் முகத்தையும் பார்த்தார். மைத்துனன் இடையில் புகுந்து சத்துகளைச் சொன்னான். பாஷாணம் என்ற சொல்லையும் சொன்னான். அவர் மகளின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "வாந்தி இல்லை, வயிற்றுவலி இல்லை. தொண்டை சிவந்திருக்கு, காய்ச்சல் அதாலதான். கல் போன வழியே வெளியில வந்திட்டுதெண்டால் கவலையில்லை. வாழைப்பழம் குடுங்கோ. பப்பாளி குடுங்கோ. வாந்தி எடுத்தால் உடனே கொண்டு வாங்கோ." பிறகு என்னிடம் தணிந்த குரலில், "நீங்களும் ரெண்டு பழம் சாப்பிடுங்கோ" என்றார்.

வழியிலேயே ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கினேன். போதாது என்று இன்னொரு சீப்பும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு கவலைகள் நடமாடின. ஒன்று நான், இன்னொன்று மைத்துனன். நான் மகளின் பாயைச் சுற்றி வந்தேன். அவன் மரக் கிண்ணத்தைச் சுற்றி வந்தான். இரண்டு பேரையும் தாண்டித் தாண்டி மனைவி வீட்டு வேலை பார்த்தாள். பத்து மணிக்குக் காய்ச்சல் நூற்றொன்று ஆயிற்று. டாக்டர் தொண்டை என்றார், எனக்கோ கல் என்று தோன்றியது. பழத்தை உரித்து நீட்டினேன். ஆறாவது பழத்தில் மகள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பா, எனக்குக் குரங்கு மாதிரி இருக்கு."

"வயித்த வலிக்குதாம்மா?"

"பழம்தான் வலிக்குது."

மனைவிக்கு இரண்டு கவலைகளையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒன்றையாவது தீர்ப்போம் என்று தம்பியைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள். "உன் கல்லு திருநீறை விடக் கனமா, லேசா?"

"ரொம்பக் கனம் அக்கா. மணலைவிடவே கனம்."

"அவ்வளவுதானே. அரிசியில கல்லு அரிக்கிற மாதிரிதான்."

அவள் இரண்டு வாயகன்ற சட்டிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரிசி அரிக்கும்போது தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி மேலே வரும் அரிசியை அடுத்த சட்டிக்குத் தள்ளிவிடுவாள். கல் அடியில் தங்கும். இங்கே மேலே வந்தது திருநீறு. சாம்பல் நிறத் தண்ணீர் அலை அலையாக வழிந்தது. ஈப்போ பக்கத்து ஆறுகளில் பெண்கள் தட்டில் ஈயமணல் அலசுவதை ஆயிரம் தடவை பார்த்தவன் மைத்துனன். அவனே வாயைத் திறந்தபடி அக்காவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்கதவருகே உட்கார்ந்தேன். அவளுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை.

"இது எந்தக் குடும்பத்துக் கல்லுடா?" என்று சட்டியைச் சுழற்றியபடி மனைவி கேட்டாள்.

"ஸ்பீன்னு ஒரு கல்லு இருக்கு அக்கா. சுண்ணாம்பு, மணல் சத்து, டைட்டானியம் மூணும் சேர்ந்தது. படிகத்தோட உள்ளமைப்பைப் பார்த்தா இதுவும் அதே வீடுதான். ஆனா டைட்டானியம் உட்கார வேண்டிய நாற்காலியில ஈயம் உட்கார்ந்திருக்கு."

"அப்ப ஸ்பீன்னே சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"அங்கதான் பிரச்சினை. ஸ்பீன்ல கொஞ்சம் ஈயம் கலந்திருக்கு, அவ்வளவுதான், தனிப் பேர் வேணாம்னு சிலர் சொல்றாங்க. எல்லா நாற்காலியிலயும் ஈயமே உட்கார்ந்திருந்தா இது தனி இனம்னு எங்க தொரை சொல்றார். எத்தனை நாற்காலின்னு எண்ணிப் பார்க்கத்தான் சிங்கப்பூருக்கு."

"மருமக மாதிரிதான்" என்றாள் மனைவி. "வீட்டுக்கு வந்தவளா, வீடே அவளோடதான்னு ஆயிடுச்சான்னு பார்க்கணும்."

அவன் சிரித்துவிட்டான். பொட்டலத்தைத் தேடிய பிறகு அதுதான் அவனுடைய முதல் சிரிப்பு. பிறகு அடையாளங்களைச் சொல்லிக்கொண்டே போனான். ஸ்பீனைக் கத்தியால் கீறுவது கஷ்டம், இதைச் சுலபமாகக் கீறலாம். ஈயமணலைக் கையில் வைத்தால் இரும்பு போல் அழுத்தும், இது அதில் முக்கால் பங்குகூட வராது. கறுப்பும் பழுப்புமாக இருக்கும் ஈயமணலைத்தான் லம்பத்தில் தேடுவார்கள். இது வெளுத்து இருப்பதால் எவ்வளவோ பேர் பார்த்தும் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

"இவ்வளவு ஈயம் இருந்தா உருக்கி எடுக்கலாமே" என்று நான் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் வேறு.

"இதுலேர்ந்து எடுக்கிறது லேசில்ல அத்தான். ஈயம் உள்ளே பூட்டிக்கிட்டு இருக்கும். சாதாரணமா உருக்கினா பலன் இல்லை. லம்பத்துக்காரங்களுக்கு இது உதவாக்கரைக் கல்லு."

எனக்கு அந்தச் சொல் தேன் மாதிரி இருந்தது. உலையே திறக்க முடியாத பூட்டை ஐந்து வயதுப் பிள்ளையின் வயிறு திறந்துவிடுமா? இந்த நியாயத்தை மனதுக்குள் பலமுறை எழுதிப் பார்த்தேன். முடிவில் ஒவ்வொரு முறையும் அந்தப் பாஷாணக் கல் வந்து நின்றது. அதனிடம் என் நியாயம் செல்லவில்லை.

பிற்பகலில் சட்டியின் அடியில் வெளிர்மஞ்சள் பொடி ஒரு பிறைபோல் தங்கியது. மைத்துனன் விளக்கை வைத்துப் பார்த்தான். பிறை முழுவதும் ஒளிர்ந்தது. ஒளிராத சில துகள்களை ஊசியால் தள்ளினான். முக்கால் பங்குக்கு மேல் தேறிவிட்டது, இது போதும் என்றான். அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிடப் போனவனை அவள் ஈரக் கையால் தட்டிவிட்டாள்.

இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தக் கல் தனி இனம்தான் என்று ஒப்புக்கொண்டு பெயர் வைத்ததாக அவன் எழுதினான். மலாயா என்ற பெயரையே கொடுத்து மலாயைட் என்று அழைத்தார்களாம். பெயர் வந்து சேர்ந்தபோது நாடே மலேசியா ஆகியிருந்தது. அரசாங்கக் காரியம் தெரிந்தவனாதலால் எனக்கு அதில் ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டுச் சட்டியில் அரித்த பொடியால்தான் அது முடிவாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ கைகள் எத்தனையோ பொட்டலங்களைச் சுமந்திருக்கும். மனைவி மட்டும் அப்படித்தான் சொல்கிறாள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அவனுடைய கவலை தீர்ந்ததும் வீட்டில் என் கவலை மட்டும் மிச்சமாயிற்று. காய்ச்சல் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியது. ஆனால் பழம் எல்லாம் உள்ளே போயிற்றே தவிர, வெளியே எதுவும் வரவில்லை.

"வந்தாலும் எப்படித் தெரியும்?" என்றேன். "பொடிதானே? கலந்து போயிருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? உள்ளேயே கரைஞ்சு போயிருந்தா?"

மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "நெத்தியில மின்னுற கல்லு அங்க மட்டும் மின்னாம போயிடுமா?"

நானும் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இலாகாவில் இதை யாரும் இதுவரை செய்து பார்த்ததில்லை என்றான் அவன். திங்கட்கிழமை காலையில் கிளம்ப வேண்டியவன், விளக்கோடு பிற்பகல் வரை இருப்பதாகச் சொன்னான்.

திங்கட்கிழமை உடுத்திக் கிளம்பியும் நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்து, காரணம் என்று எழுதிவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். எனாமல் சட்டியைக் கழுவிக் கூடத்தின் மூலையில் வைத்தோம். மகளை உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூவரும் எதிரில் நின்றோம்.

"எல்லாரும் போங்க" என்றாள்.

போனோம். கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே அவள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டேன். இந்தக் கதவுக்குப் பின்னால் பாடிக்கொண்டிருக்கிற குரல் ஒரு நாள் இல்லாமல் போனால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கத் தெரியவில்லை. அவளை முழுங்கச் சொன்னது என் குரல். அந்தக் கட்டளையைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை.

பாட்டு நின்றது.

"மாமா, முடிஞ்சிருச்சு. வெளக்கு கொண்டு வாங்க."

ஜன்னலைச் சாத்தினோம், கம்பளியைத் தொங்கவிட்டோம். மைத்துனன் ஒரு காகிதத்தில் அரித்தெடுத்த பொடியில் இரண்டு மணிகளைச் சட்டியின் பக்கத்தில் வைத்தான், நிறத்தை ஒத்துப் பார்க்க வேண்டுமாம். மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்கை ஏற்றினான்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் பழக வேண்டும் என்றான். பிறகு ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியாத புள்ளிகள், ஆனி மாதத்து வானம் மாதிரி, பச்சையும் மஞ்சளுமாக. காகிதத்தில் இருந்த மணிகளின் அதே நிறம். அவன் குனிந்து, மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே, ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்படியே இருக்கு அத்தான். வயிறு இதை ஒண்ணுமே பண்ணல. போன மாதிரியே வந்திருக்கு."

"அந்தப் பாஷாணம்?"

"அது இருந்திருந்தா ரெண்டு நாள் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்திருக்க மாட்டா. சனிக்கிழமை சாயங்காலமே காட்டியிருக்கும்."

"நெசமாவா?"

"நெசமா."

இந்த முறை அவன் கூடாது என்று சொல்லவில்லை.

மகள் சட்டிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். தான் செய்தது என்று தெரிந்ததும் அவளுக்கு ஏற்பட்ட பெருமையை விவரிக்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றாள். அண்ணன்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாள். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கொஞ்சம் கழித்து அது சிரிப்பா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாளாக அவள் பயப்படவில்லை என்று நான் நினைத்தது எவ்வளவு தவறு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜன்னலைத் திறந்தோம். சட்டியை யார் எடுத்துப் போவது என்று ஒரு பேச்சு வந்தது. அதுவரை அந்த வேலையை நான் ஒரு நாளும் செய்ததில்லை. கால்சட்டையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக அலுவலகத்துக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தேன். நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு துளி சிந்தாமல், படியிறங்கிக் கொல்லைப்புறத்துக் கக்கூஸை நோக்கி நடந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அப்பா கபார், கெராணி?" என்றார். என்ன சேதி, கிராணி?

"கபார் பாய்க்" என்றேன். நல்ல சேதிதான்.

தினமும் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அது உண்மையா என்று அன்றுவரை யோசித்ததில்லை.